சாக்கிரமெந்து: ஒரு லத்தீன் சமயச் சொல்லின் வேரைத் தேடும் முறை

ஞானஸ்நானம், நற்கருணை போன்ற கிறிஸ்தவச் சடங்குகளைக் குறிக்கும் சாக்கிரமெந்து என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டால் பெரும்பாலும் ஒரே வரிதான் பதிலாக வரும்: லத்தீனில் ‘சகெர்’ என்றால் புனிதம், ஆகவே சாக்கிரமெந்து என்றால் புனிதமானது. இதில் தவறு என்று எதையும் சுட்டிவிட முடியாது. ஆனால் இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய லத்தீன் வாக்கியம் ஒன்றைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியாது. ரோமாபுரி வழக்குமன்றத்தில் இந்தச் சொல்லுக்குப் பணயத்தொகை என்று பொருள். படைமுகாமில் சூளுரை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவர் வாயில் ஞானஸ்நானம். விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில் இரகசியம். ‘ஏழு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை’ என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இந்தச் சடங்குகளின் எண்ணிக்கைக்கு முத்திரை குத்தியது 1547 மார்ச் 3 அன்று. அதற்குள் சொல்லுக்கு ஆயிரத்தைந்நூறு வயது தாண்டிவிட்டது.

வேரைக் கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலை. அந்த வேரிலிருந்து கிளம்பிய சொல் யார் யாரிடம் என்னென்ன வேலை பார்த்தது என்று வரிசைப்படுத்துவதில்தான் நேரம் போகும். சமயச் சொற்களை ஆராய்கிறவர்கள் சறுக்குவதும் அங்கேதான். இந்த ஒரு சொல்லை வைத்தே முறையைக் காட்டுகிறோம். மற்ற லத்தீன் சமயச் சொற்களுக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில் கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது கணினியில் ஓர் அட்டவணை. ஐந்து பத்தி போடுங்கள்: ஆண்டு, ஊர், எழுதியவர், சொல் வந்த வாக்கியம், அந்த வாக்கியத்தில் சொல்லின் பொருள். ஐந்தாவது பத்தியைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும். முதலிலேயே நிரப்பினால், தெரிந்த பொருளையே எல்லா வாக்கியத்திலும் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

அகராதி ஒன்று போதாது. ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி மிகத் துல்லியமானது, ஆனால் கி.பி. 200 வாக்கில் நின்றுவிடும், கிறிஸ்தவ எழுத்தாளர்களையும் சேர்க்காது. அதில் மட்டும் தேடினால் வழக்குப் பணயமும் படைச் சூளும் கிடைக்கும், திருச்சபைப் பொருள் கிடைக்காது. 1879-இல் வந்த லூயிஸ்–ஷார்ட் அகராதியில் பழமையான கிறிஸ்தவ ஆசிரியர்களும் உண்டு. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இடைக்கால லத்தீனுக்கு 1678-இல் முதலில் வெளியான டூ காஞ்ச் அகராதி. மூனிச்சில் 1890-களிலிருந்து தயாராகும் பெரிய லத்தீன் சொற்களஞ்சியத்தை நம்பிப் போகாதீர்கள்: அங்கே இன்னும் ‘எஸ்’ எழுத்துக்கு வந்து சேரவில்லை.

இவற்றோடு கிரேக்கப் புதிய ஏற்பாடும் விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவும் பக்கத்தில் பக்கமாக வேண்டும். கிரேக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

சொல்லைப் பிரிப்பது

லத்தீன் வடிவம் ‘சக்ராமெந்தும்’. இரண்டு துண்டு. முன்பகுதி ‘சக்ராரே’ என்ற வினை. தெய்வத்துக்கு உரியதாக்குவது என்று பொருள். அது ‘சகெர்’ என்ற பெயரடையிலிருந்து வந்தது. பின்பகுதி ‘-மெந்தும்’ என்ற விகுதி. ஒரு வினைக்கான கருவியையோ அதன் விளைவையோ குறிக்கும்: ‘ஓர்னாரே’ அலங்கரிப்பது, ‘ஓர்னாமெந்தும்’ அணிகலன். இந்த விகுதியின் பழைய உருவம் ‘-மென்’. அது சமஸ்கிருதத்தின் ‘-மன்’ விகுதிக்கு உடன்பிறப்பு. கர்மன், ஜன்மன் போன்ற சொற்களில் இருப்பது. நாம் கருமம், சன்மம் என்று சொல்லும்போதெல்லாம் அந்த விகுதியின் எச்சம் நம் வாயிலும் புழங்குகிறது.

ஆக, எதன் மூலம் ஒன்று ‘சகெர்’ ஆக்கப்படுகிறதோ அது சக்ராமெந்தும். இனி சகெர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். ‘புனிதம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் முதல் பெரிய பிழை.

ரோம் நகரின் பழைய சதுக்கத்தில், கறுப்புக் கல் பாவிய தரைக்கு அடியில் 1899-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெரும்பகுதி சிதைந்துவிட்டது, தெளிவாக வாசிக்கக் கிடைப்பவற்றில் ‘சக்ரோஸ் எசெத்’ என்ற இரண்டு சொற்கள் உண்டு: ‘அவன் சகெர் ஆகட்டும்’. இது ஆசீர்வாதம் அல்ல, தண்டனை. ரோமின் பழைய பன்னிரு பலகைச் சட்டத்திலும் அதே தொனிதான்: தன்னை அண்டியவனை வஞ்சிக்கும் புரவலன் சகெர் ஆகட்டும்.

நம் ஊரில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் விரட்ட யோசிப்பார்கள். அதே சமயம் அதன் தலை போய்விட்டது என்பதும் ஊருக்கே தெரியும். ‘நேர்ந்துவிட்டது’ என்ற நம் சொல்லில் இருக்கும் அந்த இரண்டு பக்கமும் சகெரில் உண்டு. ஒரு வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. சகெர் ஆன மனிதனைப் பலி கொடுப்பது முறையல்ல. ஆனால் அவனைக் கொன்றவன்மேல் கொலைக்குற்றம் சாராது என்று ஃபெஸ்டுஸ் என்ற பழைய அகராதிக்காரர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கட்டத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சகெர், சக்ரா என்ற ஒலியைக் கேட்டதும் ‘சக்கரம்’ நினைவுக்கு வரும், உடனே ஒரு கட்டுரை பிறந்துவிடும். சமஸ்கிருத ‘சக்ர’வுக்கு உறவு கிரேக்கத்தின் ‘கிக்ளோஸ்’, வட்டம். அதன் தலையெழுத்து முற்காலத்தில் ‘க்வ’ போன்ற ஒலி. சகெரின் தலையெழுத்தோ தொடக்கத்திலிருந்தே ‘ஸ’. தமிழ் எழுத்தில் எழுதும்போது இரண்டும் ‘ச’ ஆகிவிடுவதால்தான் ஒட்டுவதுபோலத் தெரிகிறது. எழுத்து ஒற்றுமையை மட்டும் வைத்து எந்த உறவையும் அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

நாள்வரிசையில் அடுக்குவது

இப்போது கிடைத்த வாக்கியங்களைப் பழையதிலிருந்து புதியதுக்கு அடுக்குங்கள். கிறிஸ்தவத்துக்கு முந்தையவை முதலில்.

வழக்குமன்றம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயுஸ், தன் காலத்துக்கே பழங்கதையாகிப்போன ஒரு வழக்குமுறையை விவரிக்கிறார். ஒரு பொருளுக்கு இருவர் உரிமை கோருகிறார்கள். ஒருவர் கையில் கோலோடு பொருளைத் தொட்டு ‘என்னுடையது’ என்கிறார், மற்றவரும் அப்படியே செய்கிறார். பிறகு முதலாமவர் சொல்ல வேண்டிய வாசகம்: ‘நீ அநியாயமாக உரிமை கோரியதால் 500 ஆஸ் சக்ராமெந்தும் வைத்து உன்னை அறைகூவுகிறேன்.’ எதிராளி: ‘அப்படியே நானும் உன்னை.’ ஆஸ் என்பது வெண்கல நாணயம். வழக்குப் பொருளின் மதிப்பு 1000 ஆஸ் அல்லது அதற்கு மேல் என்றால் பணயம் 500. அதற்குக் கீழே என்றால் 50. ஒருவர் அடிமையா சுதந்திரரா என்ற வழக்கில் அவர் மதிப்பு எவ்வளவு ஆனாலும் 50 தான். சுதந்திரம் கேட்டு வருகிறவருக்குப் பணம் தடையாகக் கூடாது என்பதற்காக. வென்றவர் தொகை அவருக்கே திரும்பும், தோற்றவர் தொகை பொதுக் கருவூலத்துக்குப் போகும்.

பணத்துக்கு ஏன் இந்தப் பெயர்? தொகையைப் பழங்காலத்தில் புனித இடத்தில் கட்டிவைத்தார்கள் என்று கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் வர்ரோ குறிப்பிடுகிறார். தோற்றவன் பணம் நேர்ந்துவிட்ட பணம். வேரின் பொருளோடு நேராகப் பொருந்துகிற இடம் இதுதான்.

காயுஸின் இந்த நூல் பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்தது. 1816-இல் வெரோனாவில் நீபூர் என்ற ஜெர்மன் அறிஞர் ஒரு தோல்சுவடியில் அதைக் கண்டார். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் புனித ஜெரோமின் கடிதங்களை எழுதியிருந்தார்கள். திருச்சபை எழுத்துக்கு அடியில் வழக்குமன்ற எழுத்து: இந்தச் சொல்லின் வரலாற்றை ஒரே படத்தில் காட்டச் சொன்னால் அந்தச் சுவடியைக் காட்டலாம்.

படைமுகாம். படையில் சேருகிறவன் தளபதிக்குக் கீழ்ப்படிவதாகச் சொல்லும் சூளுக்கும் இதே பெயர். கி.மு. 216-இல், கன்னே போருக்குச் சற்று முன், படைத் தலைவர்கள் வீரர்களைச் சட்டமுறையான சத்தியத்துக்கு உட்படுத்தினார்கள் என்றும், அதுவரை சக்ராமெந்தும் தவிர வேறெதுவும் இருந்ததில்லை என்றும் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியுஸ் எழுதுகிறார். பேரரசர்கள் காலத்தில் இதை ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் புதுப்பித்தார்கள். சூளை மீறினால் அவன் சகெர். அதனால்தான் பணத்துக்கும் வாக்குக்கும் ஒரே பெயர் பொருந்தியது: இரண்டிலும் ஒருவர் எதையோ தெய்வத்திடம் ஈடு வைக்கிறார்.

மூன்றாவது வாக்கியம்தான் வழுக்குப் பாறை. கி.பி. 112 வாக்கில், கருங்கடல் கரையில் பித்தீனியா–பொந்துஸ் மாகாணத்தை ஆண்ட பிளீனியுஸ், பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுகிறார்கள், ‘சக்ராமெந்தோ’வால் (சக்ராமெந்தும் என்பதன் வேற்றுமை வடிவம்) தங்களைக் கட்டிக்கொள்கிறார்கள். இதைப் படித்ததும் நற்கருணை என்று குறித்துக்கொள்கிறவர்கள் ஏராளம். வாக்கியத்தை முடிவுவரை படியுங்கள்: குற்றம் எதற்காகவும் அல்ல, திருடமாட்டோம், கொள்ளையடிக்கமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம், நம்பிக் கொடுத்து வைத்ததைக் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டோம் என்பதற்காக. இது உறுதிமொழி. எழுதுகிறவரும் கிறிஸ்தவர் அல்லர், ரோமானிய அதிகாரி. அவர் காதில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருளைத்தான் எடுக்க வேண்டும். அவர் பேசுவது கிறிஸ்தவர்களைப் பற்றி என்பதற்காகச் சொல்லும் கிறிஸ்தவச் சொல் ஆகிவிடாது.

கிறிஸ்தவர் எழுத்தில் இந்தச் சொல் தெளிவாக வேரூன்றுவது கார்த்தேஜில், கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனிடம். 197 வாக்கில் சிறையிலிருக்கும் விசுவாசிகளுக்கு எழுதும்போது, ‘சக்ராமெந்தின் சொற்களுக்குப் பதில் சொன்னபோதே உயிருள்ள கடவுளின் படைக்கு அழைக்கப்பட்டுவிட்டோம்’ என்கிறார். ஞானஸ்நானத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் சடங்கைப் படைச் சூளாகவே பார்க்கிறார். ஞானஸ்நானத்தைப் பற்றிய அவர் நூலின் முதல் வரியோ ‘நம் நீரின் சக்ராமெந்தும்’ என்று தொடங்குகிறது. அங்கே சொல் சூளிலிருந்து சடங்குக்கு நகர்ந்துவிட்டது. ஒரே ஆளிடம் இரண்டு பொருளும் இருக்கும். இரண்டு வரியாகவே பதிவு செய்யுங்கள்.

பின்னால் எந்தக் கிரேக்கச் சொல் நிற்கிறது

லத்தீன் சமயச் சொல் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது. லத்தீன் திருச்சபை கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்து வளர்ந்தது. மொழிபெயர்ப்பில் மாட்டிய சொல், மூலச் சொல்லின் பொருளையும் சேர்த்துச் சுமக்கும்.

சோதனை எளிது. கொலோசையர் கடிதம் முதல் அதிகாரத்தைத் திறந்து 26, 27-ஆம் வசனங்களைப் பாருங்கள். கிரேக்கத்தில் இரண்டிலும் ‘மிஸ்தேரியோன்’. வுல்காத்தாவில் 26-இல் ‘மிஸ்தேரியும்’, 27-இல் ‘சக்ராமெந்தி’. அடுத்தடுத்த வசனங்கள், ஒரே கிரேக்கச் சொல், இரண்டு லத்தீன் சொற்கள். திருவெளிப்பாடு 17-இலும் இப்படித்தான்: 5-ஆம் வசனத்தில் மிஸ்தேரியும், 7-இல் சக்ராமெந்தும். வுல்காத்தாவின் புதிய ஏற்பாட்டில் சக்ராமெந்தும் வரும் இடங்கள் மொத்தம் 8: எபேசியரில் நான்கு (1:9, 3:3, 3:9, 5:32), கொலோசையர் 1:27, 1 திமொத்தேயு 3:16, திருவெளிப்பாடு 1:20, 17:7. எட்டிலும் கிரேக்கம் மிஸ்தேரியோன்தான். எட்டில் ஒன்றுகூட இன்று நாம் திருவருட்சாதனம் என்று சொல்லும் சடங்கைக் குறித்து எழுதப்பட்டதல்ல. மறைந்திருந்து வெளிப்பட்ட இறைத்திட்டம், அல்லது ஓர் உருவகத்தின் உட்பொருள்.

மிஸ்தேரியோன் என்ற சொல் வாயையோ கண்ணையோ மூடுவதைக் குறிக்கும் கிரேக்க வினையோடு சேர்ந்தது என்பது வழக்கமான விளக்கம். ஆதி லத்தீன் கிறிஸ்தவர்கள் ‘மிஸ்தேரியா’ என்ற சொல்லைத் தவிர்த்ததற்கு, அது கிரேக்கத்தின் எலூசிஸ் போன்ற இடங்களின் இரகசிய வழிபாடுகளை நினைவூட்டியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். படைச்சூளில் அந்த வாடை இல்லை.

இந்தச் சொல்லைத் தேர்ந்தவர் வுல்காத்தாவின் மொழிபெயர்ப்பாளராக அறியப்படும் ஜெரோம் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அப்படிச் சொல்ல முடியாது. ஜெரோமுக்கு முன்பே வழங்கிய பழைய லத்தீன் பெயர்ப்புகளில் இது இருந்தது. வுல்காத்தாவில் பவுல் கடிதங்களைத் திருத்தியவரும் அவர் அல்லர் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. பழைய ஏற்பாட்டில் வேண்டுமானால் அவர் கையைப் பார்க்கலாம்: தானியேல் 2:18-இல் நெபுகத்நேசரின் கனவைப் பற்றி ‘சக்ராமெந்தோ’ என்கிறார். அங்கே மூலம் அரமேயம், சொல் ‘ராஸ்’. பாரசீகத்திலிருந்து அரமேயத்துக்குப் போன சொல் அது. இந்திப் படத் தலைப்புகளில் நாம் பார்க்கும் ‘ராஸ்’ இதுவேதான். சிரியாக் மொழியில் ‘ராசா’ ஆகி, கேரளத்துச் சீரோ மலபார் சபையில் மிகச் சிறப்பான குர்பானாவுக்கு (திருப்பலிக்கு) இன்றும் பெயராக நிற்கிறது.

எபேசியர் 5:32 தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம். கணவன் மனைவி ஒரே உடலாவதைச் சொல்லிவிட்டு, ‘இந்தச் சக்ராமெந்தும் பெரிது’ என்கிறது வுல்காத்தா. திருமணம் ஒரு சாக்கிரமெந்து என்பதற்கு இந்த வரியை ஆதாரமாகக் காட்டிவந்தார்கள். 1516-இல் எராஸ்முஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1520-இல் சீர்திருத்தவாதி லூத்தர், கிரேக்கத்தில் இருப்பது மிஸ்தேரியோன், இரகசியம், ஆகவே இது ஆதாரம் ஆகாது என்று வாதிட்டார். தமிழில் சீர்திருத்தச் சபையார் படிக்கும் பழைய பெயர்ப்பு ‘இந்த இரகசியம் பெரியது’ என்கிறது. இப்போதைய பொதுப் பெயர்ப்பில் ‘மறைபொருள்’. இரண்டும் கிரேக்கத்தைப் பின்பற்றியவை. இதை வைத்துக் கத்தோலிக்கப் போதனை முழுவதும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழை என்று தாவிவிடாதீர்கள். அந்தப் போதனைக்கு வேறு ஆதாரங்களையும் காட்டுகிறார்கள். சொல்லாராய்ச்சி காட்டுவது சொல்லின் பாதையைத்தான். போதனை சரியா தவறா என்பது வேறு அலுவலகத்து வழக்கு.

வரையறை எங்கே மாறுகிறது

ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனிடம் வந்தால் சொல்லுக்குப் புது முதுகெலும்பு கிடைக்கிறது: அடையாளம். தெய்வ காரியங்களைச் சேர்ந்த அடையாளங்களுக்குச் சக்ராமெந்தும் என்று பெயர் என்கிறார் ஒரு கடிதத்தில். யோவான் நற்செய்தி விளக்கத்தில், ‘பொருளோடு சொல் சேர்கிறது, சாக்கிரமெந்து ஆகிறது’ என்கிறார். வெறும் நீர் நீர்தான். வார்த்தை சேரும்போது ஞானஸ்நானம். ஆனால் அவரிடம் எண்ணிக்கை கிடையாது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் உப்பும் அவருக்குச் சாக்கிரமெந்துதான். ஐந்தாம் நூற்றாண்டு வாக்கியத்தில் ‘ஏழு’ என்று தேடினால் கிடைக்காது.

ஸ்பெயினின் செவீயா ஆயர் இசிதோர் (இறப்பு 636) தன் சொற்பிறப்புக் களஞ்சியத்தில், பருப்பொருளின் போர்வைக்குள் தெய்வ வல்லமை இரகசியமாகச் செயல்படுவதால் இப்பெயர் என்கிறார். அதாவது ‘செக்ரெதும்’ என்ற சொல்லோடு முடிச்சுப் போடுகிறார். இது சொற்பிறப்பாக நிற்காது; செக்ரெதும், பிரித்து வைப்பது என்ற வேறு வினையிலிருந்து வந்தது. ஆனாலும் தூக்கி எறியாதீர்கள். தவறான சொற்பிறப்பும் ஒரு சாட்சி: ஏழாம் நூற்றாண்டு வாசகர் காதில் இந்தச் சொல் ‘இரகசியம்’ என்று ஒலித்தது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அட்டவணையில் சொல்லின் மூலமாகப் பதியாமல் ‘அக்காலக் கருத்து’ என்று குறித்துவையுங்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரிசில் புனித விக்டர் மடத்து ஹியூ, தீர்த்தத்தையும் சாம்பலையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறார். அதே நகரில் 1150-களில் இறையியல் ஆசிரியர் பீட்டர் லொம்பார்டு ஏழு என்று பட்டியல் போட்டார். அவர் நூல் பல்கலைக்கழகப் பாடப்புத்தகம் ஆனது, பட்டியல் நிலைத்தது. 1439-இல் ஃபுளோரன்ஸ் சங்கம், பிறகு திரெந்து. ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம்: 1150-க்கு முந்திய லத்தீன் வாக்கியத்தில் சக்ராமெந்தும் வந்தால், ஏழில் எது என்று கேட்காதீர்கள், எதற்கு அடையாளம் என்று கேளுங்கள்.

கிளைகள்

பிரெஞ்சு மொழிக்கு இந்தச் சொல் இரண்டு முறை போயிருக்கிறது. மக்கள் வாயில் தேய்ந்து வந்தது ‘செர்மான்’, இன்றும் பொருள் சத்தியம். பாதிரிமார் புத்தகத்திலிருந்து எடுத்தது ‘சக்ரமான்’, திருச்சபைப் பொருள். இடையில் ஒரு படிக்கட்டும் கையில் இருக்கிறது. 842 பிப்ரவரி 14 அன்று ஸ்திராஸ்பூரில் பிராங்கிய அரச சகோதரர்களான ஜெர்மானிய லூயியும் வழுக்கைத் தலைச் சார்லசும் படைகள் முன்னிலையில் செய்த சத்தியத்தின் பழம் பிரெஞ்சு வாசகத்தில் ‘சக்ரமென்ட்’ (sagrament) என்ற வடிவம் வருகிறது: தம்பிக்குச் செய்த சத்தியத்தை லூயி காத்து நின்றால் என்று. ரோமானிய வீரனின் பொருள் பேச்சுமொழியில் செத்துப்போகவில்லை, ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தது. கனடாவின் கெபெக்கில் அதே திருச்சபைச் சொல் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. கோபம் வந்தால் திருப்பேழையும் நற்கருணைக் கிண்ணமும்கூட அங்கே வாயில் வந்து விழும்.

தமிழுக்கு வந்த வழி

லுத்தரன் சபை வழக்கில் இருப்பது சாக்கிரமெந்து. இதன் கடைசி ‘உ’வைக் காட்டி, போர்த்துகீசிய ‘சக்ரமெந்து’ நேராக வந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றும். பாதிரி, குருசு எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவைதான். ஆனால் வல்லின மெய்யில் முடியும் அயற்சொல்லுக்குத் தமிழ் வழக்கமாகத் தானாகவே ஓர் உகரம் சேர்க்கும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் ஜெர்மானியர். அவர்கள் சொல்லும் ‘சக்ரமென்ட்’ தமிழில் இதே உருவத்தைத்தான் எடுக்கும். உருவத்தை மட்டும் வைத்து எந்தக் கப்பல் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. தேதியிட்ட ஏடு வேண்டும்.

கத்தோலிக்கர் பழைய ஞானோபதேசங்களில் இருந்தது ‘தேவதிரவிய அனுமானம்’. ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைப்பூசுதல், குருத்துவம், மெய்விவாகம் என்று ஏழையும் மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை இன்னும் இருக்கிறது. இன்றைய காதுக்கு அனுமானம் என்றால் ஊகம். தருக்க நூலில் அது அடையாளத்தைக் கண்டு காணாததை அறிவது; மலையில் புகை, ஆகவே நெருப்பு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் காட்டும் உதாரணமும் அதுதான். அடையாளம் என்றால் என்ன என்று விளக்க அகுஸ்தீன் எடுத்துக்கொண்டதும் புகையும் நெருப்பும்! ஆனால் அவர் புகையை இயற்கை அடையாளம் என்று ஒதுக்கி, வேண்டுமென்றே தரப்படும் அடையாளங்களை வேறாக வைத்தார். சாக்கிரமெந்து இரண்டாவது வகை. ஆக, பொருத்தம் பாதி. இதைக் குறிப்பேட்டில் ‘பொருத்தம்’ என்று எழுதலாம். அகுஸ்தீனிலிருந்து வந்த சொல்லாக்கம் என்று எழுத ஆதாரம் வேண்டும்.

இப்போது வழங்கும் ‘அருளடையாளம்’ அகுஸ்தீனின் அடுக்கைப் பிடித்துக்கொண்டது. ‘திருவருட்சாதன’த்தில் இருக்கும் சாதனம் கருவி; ‘-மெந்தும்’ விகுதியின் பழைய பொருளுக்கு மிக அருகில் வருகிறது. சூள் என்ற அடுக்கு இவற்றில் எதிலும் இல்லை.

மொழிபெயர்க்கும்போது

ஐந்தாவது பத்தியை இப்போது நிரப்பலாம். காயுஸ் என்றால் பணயம். ‘கட்டுப்பணம்’ என்று போட்டால் தேர்தல் வைப்புத்தொகை நினைவு வரும். லிவியுஸ் என்றால் சூளுரை. பிளீனியுஸ், உறுதிமொழி. தெர்த்துல்லியனுக்கு ஒரே சொல் போதாது. சிறைக் கடிதத்தில் சூள், ஞானஸ்நான நூலில் அருளடையாளம். எபேசியர், கொலோசையர் வசனங்களுக்கு மறைபொருள். லொம்பார்டு முதல் திருவருட்சாதனம். ஸ்திராஸ்பூர் வாசகத்துக்குச் சத்தியம்.

முடித்ததும் ஒரு சோதனை: தெரிந்தெடுத்த தமிழ்ச் சொல்லை வாக்கியத்தில் வைத்து உரக்கப் படியுங்கள். வுல்காத்தாவில் தோபித்து 12:7-இல் ‘சக்ராமெந்தும் ரேகிஸ்’ என்ற தொடர் வருகிறது. அரசரின் இரகசியத்தை மறைத்து வைப்பது நல்லது என்கிறது அந்த வரி. இன்று பழகிய பொருளை எடுத்து, அரசரின் திருவருட்சாதனத்தை மறைத்து வைப்பது நல்லது என்று படித்துப் பார்த்தால் போதும், பிழை தானே எழுந்து நிற்கும்.